அவசரம் இல்ல

கன்னிகாவின் வீட்டு வாசலுக்கு வந்து சேரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. தரணி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்தப் பொம்பளை இன்னிக்கு ஏதாவது உளறி வெச்சா, நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றான் ஹரிபாபு, தெலுங்கில்.

"சார், தப்பு என்னோடது சார். அவங்களை எப்படி நான்..."

"எப்படியோ வாயை மூட வை. இல்லேன்னா வீட்ல உக்காந்து குழந்தையைப் பாத்துக்கோ."

கன்னிகா உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவளுக்குத் தெலுங்கு தெரியாது. ரீலில் முழுக்கத் தமிழில்தானே பேசினாள்!

அந்த ரீல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

திருப்பதியில் ஒரு ஃபிளாட்டில் தரணியோடு சேர்த்து ஆறு இளைஞர்கள். எல்லாருக்கும் லேப்டாப், எல்லாருக்கும் தூக்கமில்லாத கண். வேட்பாளருக்கு ரீல் போடுவதுதான் வேலை. 'ஓட்டுக் கேக்கற மாதிரியே தெரியக் கூடாது. பாக்கறவன் அழணும்' என்பான் அவர்களுக்குத் தலைமை பார்க்கும் ஹரிபாபு.

போன மாதம் வேட்பாளரின் டிரஸ்ட், நடக்க முடியாதவர்களுக்கு மூணு சக்கர ஸ்கூட்டர் கொடுத்தது. கன்னிகாவுக்குப் போலியோவில் வலது கால் போயிருந்தது. முட்டியில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரப் பாலசமுத்திரம் பக்கத்துச் சின்ன ஊர். பூக்கூடையோடு பஸ்ஸுக்கு ரெண்டு கிலோமீட்டர்.

சாவியை நீட்டியபோது அவள் கேமரா முன்னால் சொன்னாள்:

"எனக்கு அவசரம் இல்ல சார். வெதுருகுப்பத்துல காலேஜ் போற பொண்ணு ஒண்ணு கீது. அதுக்கு மொதல்ல குடுங்க."

தெலுங்கு சப்டைட்டில் போட்டது தரணி. அன்று குழந்தைக்கு நல்ல காய்ச்சல். ஆறு மணிக்குள் ரீல் போக வேண்டும். கான்வென்ட்டில் இங்கிலீஷ் படித்து, வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசியே வளர்ந்தவள். ரெண்டிலும் இருக்கிற வார்த்தைதானே என்று 'அவசரம் லேது' என்று அப்படியே தட்டிவிட்டாள்.

தமிழில் அதற்கு, மெதுவாக வந்தால் போதும் என்று பொருள். தெலுங்கில், தேவையே இல்லை!

ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். 'தன்மானம்னா இதுதான்' என்று கமெண்ட் குவிந்தது. ஹரிபாபு ஆபீஸில் கேக் வெட்டினான். தேவையில்லை என்றவள்தானே என்று டிரஸ்டில் கன்னிகாவின் பெயரையே அடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தரணிக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னாள்.

"இப்ப மாத்தினா, பொய்ச் செய்தி போட்டோம்னு நம்மளையே கிழிப்பாங்க. விடு" என்றான் ஹரிபாபு.

விட்டாள். புருஷன் எழிலரசனுக்கு ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் வேலை போய் மூன்று மாதம். விடாமல் என்ன செய்வாள்?

எதிர்க்கட்சி யூடியூப் சேனல் விடவில்லை. யாரோ தமிழ் தெரிந்தவர் தப்பைப் பிடித்துவிட்டார். இன்று கன்னிகாவை லைவாகப் பேட்டி எடுக்க வருகிறார்கள்.

"வா மா, குந்து. கொழந்தை இன்னா இப்பிடி வாடிக் கீது? எதுனா துன்னுச்சா?" என்றாள் கன்னிகா, பூ கட்டிக்கொண்டே.

"சாப்பிட்டான்கா." தரணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். "அக்கா... சேனல்காரங்க கேட்டா, ரீல்ல போட்டது சரிதான்னு சொல்லிடுங்கக்கா. அடுத்த லிஸ்ட்ல உங்க பேருதான் மொதல்ல."

"யாரு சொன்னாங்க?"

"எங்க சார்தான். இப்பகூட போன்ல சொன்னாரே."

கன்னிகா கை நின்றது. தரணியைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

"அப்பிடியா சொன்னாரு? நல்ல மனுசன்" என்றாள்.

வாசலில் கார் வந்து நின்றது. சேனல் பெண் பிரித்திகா மைக்கோடு இறங்கினாள்.

"அக்கா, பயப்படாம தமிழ்லயே சொல்லுங்க. வண்டி வேண்டாம்னா சொன்னீங்க? மெதுவா குடுங்கன்னுதானே சொன்னீங்க? உங்க பேச்சைத் திரிச்சுட்டாங்கதானே?"

தரணி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

கன்னிகா முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள்.

"நாக்கு அவசரம் லேதம்மா. நேனே செப்பினா!"

எனக்குத் தேவையில்லை, நான்தான் சொன்னேன். சுத்தமான சித்தூர்த் தெலுங்கு!

பிரித்திகா முகம் தொங்கிப்போய்க் காரில் ஏறினாள்.

"அக்கா... உங்களுக்குத் தெலுங்கு..."

"பதினஞ்சு வருசமா சித்தூர் மார்க்கெட்ல பூ வித்துக்கினு கீறேன். தெலுங்கு வராம இன்னா?"

தரணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால், வாசலில் நின்று பேசிய போன்?

கன்னிகா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த லிஸ்ட்னு அந்தாளு ஒண்ணும் சொல்லலியே மா. வேலைய வுட்டுடாத. பச்சக் கொழந்தைய வெச்சினு கீற."

முட்டியில் கை ஊன்றி, ஊன்றி, அந்த ரெண்டு கிலோமீட்டரை நடக்க ஆரம்பித்தாள்.

தரணி கையில் போன் அதிர்ந்தது. சேனல் லைவைப் பார்த்துவிட்டு ஹரிபாபுதான் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

'சூப்பர்! கட் பண்ணி உடனே ரீல் போடு. இந்தத் தடவை சப்டைட்டில் அவசரம் லேது.'