எருமை கேட்ட மன்னிப்பு

வாய்க்கால் கரையில் நின்ற எருமை, தெரியாமல் நண்டின் வளைமேல் காலை வைத்துவிட்டது. வெளியே போயிருந்த நண்டு திரும்பி வந்து பார்த்தால், வாசலில் குளம்பு.

"எருமையண்ணே, அது என் வீடு! மேலே பருந்து வேற சுத்துது."

"சாரி," என்றது எருமை, அசையாமல்.

அதன் முதுகில் இருந்த மைனா முகம் சுளித்தது. பள்ளிக்கூட ஜன்னலில் கூடு கட்டியிருந்ததால் அதற்கு இங்கிலீஷ் தெரியும். "போற வழியில லேசா இடிச்சா சாரி. வீட்டையே அடைச்சுட்டு நின்னா அப்பாலஜி கேட்கணும்."

"அப்பாலஜி," என்றது எருமை.

"மை சின்சியர் அப்பாலஜீஸ்னு மரியாதையா சொல்லு."

எருமை தலையைத் தாழ்த்தி, கண் கலங்க, அப்படியே சொன்னது. மைனா சிறகைத் தட்டிப் பாராட்டியது. பருந்தின் நிழல் இன்னும் கீழே இறங்கியது.

"அருமையா இருக்குண்ணே," என்றது நண்டு. "இதைச் சொல்லும்போது காலை எடுக்கணுமா, வேண்டாமா?"

எருமை மைனாவைப் பார்த்தது. மைனா யோசித்தது. "அது பாடத்துல வரலையே."

நண்டு அதற்குமேல் காத்திருக்கவில்லை. எருமையின் காலில் கொடுக்கால் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளியது. எருமை துள்ளி நகர்ந்தது.

வளைக்குள்ளிருந்து நண்டின் குரல் மட்டும் வந்தது. "சாரிண்ணே!"