பதினாலாம் நம்பர், மல்லிகை அவென்யூ

கம்பெனிகளுக்கு ஆளெடுக்கும் கம்ப்யூட்டர் ஊரையே சிவப்பு, பச்சை என்று பிரித்து வைத்திருக்கிறது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் சிவப்புப் பகுதி. இங்கே குடியிருப்பவர் என்று தெரிந்தால் அது வேலையும் தராது, இருக்கிற வேலையையும் பிடுங்கிக்கொள்ளும். அதனால் எட்டாம் பிளாக்கில் ஆளுக்கொரு பொய் விலாசம். மேகலாவுடையது கால்வாய்க்கு அந்தப் பக்கம், பதினாலாம் நம்பர், மல்லிகை அவென்யூ. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பேசக் கற்றதே அதைச் சொல்லித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றில் கை வைத்த அவள் கணவன் தனசேகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மேகலா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விலாசம் கேட்டார்கள். பதினோரு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சற்று நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார். "பதினாலாம் நம்பர் வாசல்லதாம்மா நிக்கிறோம். இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லேங்கிறாங்களே?"

அவர்கள் பாலத்தைச் சுற்றி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நாங்க சிவப்பு, பச்சைன்னு பாக்கறதில்லம்மா. எல்லா ஏரியாவுக்கும் வருவோம்," என்றார் டிரைவர். "ஏம்மா மாத்திச் சொன்னீங்க?"

மறுநாள் காலை தனசேகரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மேகலாவின் போன் அடித்தது. ஆபீஸ் மேனேஜர்.

அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாலையோட கிளம்பிட்டோம் மேகலா. மல்லிகை அவென்யூதானே? எப்ப எடுக்கறீங்க?"

மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டோம் சார்," என்றாள்.