ஃப்ளாஸ்கில் ஐஸ்

“இதுல ஐஸ் போட்டது யாரு?”

ஆய்வுக்கூடத் தலைவர் ஆத்மநாதன் ஃப்ளாஸ்கைச் சத்யபிரியாவின் முகத்துக்கு நேரே சாய்த்தார். உள்ளே பன்றியின் சினைப்பைகள் இரண்டு. சுற்றிலும் பாதி கரைந்த ஐஸ் கட்டிகள்.

“நான்தான் சார்.”

“நீங்களா? ரெண்டு வருஷமா இந்த லேப்ல இருக்கீங்க. சூடு ஆறாம வரணும்னுதானே ஃப்ளாஸ்க்கே குடுத்தனுப்புறோம்? பன்னியோட கருமுட்டை குளிர்ந்தா செத்துரும்னு ஒங்களுக்குத் தெரியாது?”

“வெயில் அதிகமா இருந்துச்சு சார். கெட்டுப்போயிருமோன்னு...”

மூலையில் உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள் எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக இங்கே வந்திருந்தாள்.

“ஏம் பாப்பா, ஐஸ் வைக்க அது என்ன கோட்டைப்பட்டினத்து மீனா?”

சத்யபிரியா தலை நிமிரவில்லை.

இன்னாசியம்மாளின் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து அவளுடைய நாற்பது பன்றிகளும் பத்தே நாளில் போயின. அவள் ஆசையாக வளர்த்த ஆண் பன்றி, அந்தக் கருப்புக் கிடாவும் போனது. மிஞ்சியது, அதற்கு முன்பே இந்த ஆய்வுக்கூடத்தில் எடுத்து உறைய வைத்திருந்த அதன் விந்து மட்டும். கறிக்கடையில் அறுபடும் பொட்டைப் பன்றியின் கருமுட்டையை எடுத்து, கண்ணாடித் தட்டில் அந்த விந்தோடு சேர்த்து, உருவாகும் கருவை வேறொரு பன்றியின் வயிற்றில் வைக்க வேண்டும். மூன்று தடவை கரு தங்கவில்லை. விந்தை அடைத்து உறைய வைத்த குச்சி இன்னும் ஒன்றுதான் பாக்கி.

“எங் கிடாவோட சரக்கு ஐஸை விடக் குளிர்ல மூணு வருஷமா கெடக்கு. அது சாகல. இது மட்டும் எப்படிச் செத்துச்சு?”

“அது மருந்து சேத்துப் பக்குவமா ஒறைய வச்சதும்மா. முட்டைக்குக் குளிர் ஆகாது. குச்சியை இன்னும் வெளிய எடுக்கலை, அது பத்திரமா இருக்கு. ஆனா பொட்டையை யாரு லேசுல அறுக்குறா? அஞ்சு வாரம் காத்துக் கெடந்து இன்னைக்குத்தான் கெடைச்சுச்சு.”

“அப்ப வேற ஆளை அனுப்புங்க சார். அந்த ஒத்தைக் குச்சியை இந்தப் பாப்பா கையில குடுத்துராதீங்க.”

ஆத்மநாதன் ஃப்ளாஸ்கை வாளியில் கவிழ்த்தார்.

“நாளையிலேர்ந்து நீங்க மாட்டு செக்‌ஷனுக்குப் போயிருங்க, சத்யபிரியா.”

“சார், குட்டி பொறக்குற வரைக்குமாச்சும்...”

“போதும்.”

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

வெளியே மொபெட் வந்து நின்றது. கீரனூர் பன்றிக்கறிக் கடைக்காரர் மதுரைவீரன். லுங்கியில் ரத்தக்கறை இருந்ததால் வாசலோடு நின்றுகொண்டார். கையில் தெர்மாகோல் பெட்டி.

“பாப்பா, ஒனக்கு யோகம்தான்! நீ பஸ் ஏறவும் அன்னவாசல்லேர்ந்து மச்சான் போன் போட்டான். அங்கிட்டும் ஒரு பொட்டை அறுத்திருக்கான். கடையைப் பொண்டாட்டிகிட்ட விட்டுட்டு ஓடிப்போய் வாங்கியாந்துட்டேன்.”

பெட்டியைத் திறந்து காட்டினார். ஐஸுக்கு நடுவில், வாழையிலைத் துண்டின் மேல், பளிச்சென்று கழுவிய இரண்டு சினைப்பைகள்.

“போன தடவை ரத்தமும் சதையுமா அப்படியே குடுத்துட்டேன் சார். படிக்கிற புள்ளைக்கு இப்படியா குடுப்பேன்னு எம் பொண்டாட்டி மருதாயி ஏசிப்புட்டா. அதான் காலையில இந்தப் பாப்பா வாறதுக்குள்ள அஞ்சு தண்ணியில கழுவி, மீன்காரன்கிட்ட ஐஸ் வாங்கி, நேத்து இது குடுத்துட்டுப் போன ஃப்ளாஸ்க்குல நானே போட்டு வச்சேன். ‘ரொம்ப சுத்தமா இருக்குண்ணே’ன்னு சொல்லுச்சு. ஏழு கடையில இந்தப் பாப்பாவைச் சிரிச்சே வெரட்டிட்டாங்க சார். நம்ம கடையிலயாவது மரியாதையாக் குடுக்கணும்ல?”

இன்னாசியம்மாள் வாளியைப் பார்த்தாள்.

“காலையில குடுத்தது நல்லபடியா வந்துச்சா சார்?”

ஆத்மநாதன் சத்யபிரியாவைப் பார்த்தார். அவள் கோட்டின் ஒரு கையை மட்டும் கழற்றியபடி அப்படியே நின்றிருந்தாள். வேண்டாம் என்பதுபோல் மிக லேசாகத் தலையை அசைத்தாள்.

அவர் வாசலுக்குப் போய்ப் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“நல்லபடியா வந்துச்சுங்க. அடுத்த தடவை பொட்டை அறுக்குறப்ப சத்யபிரியா பக்கத்துலயே நிப்பாங்க. நீங்க கழுவ வேணாம், ஐஸும் வேணாம். சூட்டோட அவங்களே எடுத்துக்குவாங்க.”

“கழுவாமயா? அசிங்கமால்ல இருக்கும்!”

“அவங்களுக்குப் பழக்கம்தாங்க. உள்ள வாங்க, டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

மதுரைவீரன் குனிந்து செருப்பைக் கழற்றினார். அவர் நிமிர்வதற்குள், இன்னாசியம்மாள் அந்த வாளியைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.