வெதுவெதுப்பு

அமெச்சூர் வானொலிக் கடையில் பெனடிக்ட் இருப்பதிலேயே பெரிய டம்மி லோடைக் கேட்டார். வானொலியில் பேசும் செட்டில் ஆன்டெனாவுக்குப் பதிலாக அந்தப் பெட்டியை மாட்டினால், பேச்சு வெளியே போகாமல் வெப்பமாக மாறி அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

“செட்டைச் சோதிக்கச் சின்னதே போதும் சார். இதுல ஒரு மணி நேரம் பேசலாம், ஆனா யாருக்குக் கேட்கப்போகுது?” கடைக்காரப் பெண் சிரித்தாள்.

“ஆன்டெனால கூப்பிட்டாலும் யாரும் பதில் சொல்றதில்லம்மா. இதுல அந்த ஏமாற்றமாவது இல்ல.”

பேச்சின் வலுவைக் காட்டும் பவர் மீட்டரிலும், எண் காட்டுவதை விட்டுவிட்டு முள் அசைவதையே எடுத்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி, காலையில் சமைத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லுக்குச் சொல் முள் எழுந்து தணிந்தது. பேசப்பேச, யாரோ அப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல் பெட்டி வெதுவெதுத்தது. சொல்லி முடித்து மைக்கின் பொத்தானை விட்டவர், பழக்கதோஷத்தில் பதிலுக்குக் காத்திருந்தார்.