பத்து நிமிடத்துக்கு ஒரு வரி

ஆய்வுக்கூடத்தில் உலைக்குழாயின் மூடியை அவள்தான் கழற்றினாள்.

அவளுடைய அப்பா இறந்த பிறகு அவள் வேலைக்கு வந்த முதல் நாள். பத்து நாளாக அந்த மூடியை நாங்கள் யாரும் தொடவில்லை. அவள் உழைப்பு, அவளே வந்து திறக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தோம்.

நீளக் கம்பியை உள்ளே விட்டு, பொடி வைத்த விரல் நீளப் பீங்கான் படகை மெல்ல வெளியே இழுத்தாள். பொடி வெள்ளையாக இருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று வாரம் பாடுபட்டு அவள் தயாரித்த டைட்டானியம் சேர்மம் குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளையாக இல்லை. பொன்னாக இருந்தது.

டைட்டானியம் நைட்ரைடு இவ்வளவு நல்ல நிறத்தில் எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், நகைக்கடைத் திறப்பு எப்போது என்று கேட்டார்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எதற்கும் ஒரு நிமிடம் பிந்தாதவள் என்பதால் அவளுக்கு 'மணிக்கூண்டு' என்று பெயர் வைத்தவன் நான். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பெயர் 'இதோ வந்துட்டேன்'.

பத்து நாளுக்கு முன், அவள் உலையை ஓட்டிய அன்று எனக்கு விடுமுறை. மூன்றரை மணிக்கு அவள் போன் செய்தாள். அப்பா கண் விழித்திருக்கிறாராம், அவளைக் கேட்கிறாராம், இனி அதிக நேரம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம்தான். ஆனால் உலைக்குள் அம்மோனியா வாயு ஓடும்போது, அது குமிழியிட்டு வெளியேறுகிறதா என்று பார்க்க அறையில் ஆள் இருந்தே ஆக வேண்டும். பாதியில் நிறுத்தினால் எல்லாம் பாழ்.

நிறுத்திவிடட்டுமா என்றுதான் கேட்டாள். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, மூன்று வார உழைப்பை எதற்கம்மா கெடுக்கிறாய், நாலு மணிக்கு அங்கே இருப்பேன் என்றேன்.

அப்போது நான் சலூனில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரே ஒருத்தர்தான். முடித்துக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன். வெட்டிக்கொண்டிருக்கும்போது போர்வைத் துணிக்கடியில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. பாதித் தலையோடு எப்படி எழுந்து போவது?

நான் உலை அறைக்குள் நுழைந்தபோது அவள் தோளில் பையோடு நின்றிருந்தாள். பஸ் கிடைக்கவில்லை என்றேன்.

"பரவாயில்லண்ணா. குமிழி மட்டும் நிக்காம பாத்துக்கோங்க."

போகிற போக்கில் என் காலரிலிருந்து எதையோ தட்டிவிட்டுப் போனாள். அது முடி என்பது அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. நாலு ஐம்பதுக்கு உயிர் போச்சு என்று அவள் அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இந்தப் பத்து நாளில் அவளிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை போனை எடுத்தேன். பாவி, ஒரு முறையும் நம்பரை அழுத்தவில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உலைக்கான பதிவு நோட்டைப் புரட்டி என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணா, அன்னிக்கு உங்க கையெழுத்து விட்டுப்போச்சு."

வாயு ஓடும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஆள் மாறினால் அதற்கும் ஒரு வரி. அன்று நான் மேலே எதையும் பார்க்காமல், காலியாக இருந்த வரியிலிருந்து எழுத ஆரம்பித்திருந்தேன்.

அவளுடைய உருண்டை எழுத்து. 'நேரம் 4.00. பொறுப்பை அண்ணனிடம் ஒப்படைத்தேன்.' பக்கத்தில் எனக்கான கட்டம் காலி.

நான் வந்துவிடுவேன் என்று நம்பி, சரியாக நாலு மணிக்கே எழுதி வைத்திருக்கிறாள்.

அதன் கீழே 4.10. அவள் எழுத்து. 4.20. அவள் எழுத்து. 4.30, 4.40. வெப்பம், வாயு, குமிழி, ஒன்றையும் விடவில்லை. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

அடுத்த வரி என்னுடையது.

4.50. எல்லாம் சரியாக இருக்கிறது.