டீசலுக்குச் சொன்ன வாய்ப்பாடு

"மொதல்ல அந்த நாயை வெளிய விரட்டுங்க," என்றார் பெர்ரிமன்.

நங்காலாவின் கையில் மார்க்கர் அப்படியே நின்றது.

டீசல் அசையவில்லை. வகுப்பின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, பள்ளிக்கூடத்தையே தன் பெயரில் எழுதி வாங்கியதுபோலக் கிடந்தது.

பெர்ரிமன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து காலை விமானத்தில் இந்த ஆஸ்திரேலியப் பழங்குடி ஊருக்கு வந்தவர். பல்கலைக்கழகம் அனுப்பிய மதிப்பீட்டாளர். அவர் மடியில் ஒரு படிவம், படிவத்தில் பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டிலும் டிக் விழுந்தால் இந்த வகுப்புக்கு நங்காலா ஆசிரியை. ஒன்று தவறினாலும் பழையபடி உதவியாளர், ஏழாவது வருஷமாக. தெற்கு நகரங்களிலிருந்து யாராவது புதிதாக வந்து இறங்குவார்கள். மூன்று மாதத்தில் பெட்டியைக் கட்டுவார்கள். இந்தப் பிள்ளைகள் அப்படி ஐந்து பேரை வழியனுப்பிவிட்டார்கள்.

எட்டுக் கட்டம் தாண்டியாயிற்று.

ஒன்பதாவது: ஒவ்வொரு மாணவரிடமும் முகம் பார்த்து, நேரடியாகப் பேசுகிறாரா?

பிள்ளைகள் பதினோரு பேர். பத்துப் பேரிடம் பேசிவிட்டாள்.

பதினோராவது பையன் ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயது. உறவுமுறைப்படி அவளுக்கு மருமகன். அவளுக்கு இருபத்தாறு வயது, இன்னும் கல்யாணமே ஆகவில்லை, மகளுக்கு எங்கே போவது? இருந்தாலும் மருமகன் மருமகன்தான். அவன் பிறந்த அன்றே முடிவான முறை அது. மாமியார் மருமகன் முகத்தைப் பார்க்க மாட்டாள், பெயரை உச்சரிக்க மாட்டாள், நேருக்கு நேர் ஒரு சொல் பேச மாட்டாள். அவனும் அப்படித்தான். இந்த ஊரில் ஒரு மனிதருக்குக் கொடுக்கக்கூடிய மரியாதையில் அதற்கு மேல் ஒன்று கிடையாது.

இரண்டு வருஷம் முன்பு இந்த வகுப்புக்கு அவள் உதவியாளராக வந்த முதல் நாளே அவன் தன் நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் டீசலிடம் சொன்னாள். "டீசல், அந்த எழுத்து கீழ சுழியணும்." "டீசல், சத்தமாப் படிச்சா நல்லாருக்கும்." ஜன்னலைப் பார்த்து ஒரு குரல் படிக்கும். இப்போது அந்த வகுப்பில் தடுமாறாமல் புத்தகம் வாசிக்கிற முதல் ஆள் அவன்தான்.

"நாய்," என்றார் பெர்ரிமன் மறுபடியும். அவர் பேனா, படிவத்தில் 'சுத்தம்' என்ற கட்டத்தைத் தட்டியது.

முன்வரிசை மரீட்டா எழுந்து டீசலின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். "வாடா. ஒனக்கும் ஃபெயில் போடப் போறாராம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நங்காலாவால் முடியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

"இப்ப அந்தப் பையன்," என்றார் பெர்ரிமன். "ஒரு தடவகூட நீங்க அவனைத் திரும்பிப் பாக்கல. ஓரமா திருப்பி உக்கார வச்சிருக்கீங்க. என்ன தண்டனை இது?"

"தண்டனை இல்லைங்க சார்."

"அப்ப பேசுங்க."

பேசலாம். நாலே வார்த்தை. யாரும் அடிக்க வரப் போவதில்லை. ஆனால் பத்துப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஜன்னலோரத்து முதுகு விறைத்திருந்தது. அவள் வாயைத் திறந்தால் அவன் எழுந்து போய்விடுவான். வெட்கத்தில் போகிற பிள்ளை திரும்பி வராது.

மரீட்டா அவன் பலகையை வாங்கித் தூக்கிக் காட்டினாள். 6 × 7 = 48.

பெர்ரிமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நங்காலா இரண்டடி எடுத்து வைத்து அவர் எதிரில் போய் நின்றாள். நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. ஆறேழு நாப்பத்தெட்டு இல்ல."

"என்னது?"

"ஆறாறு எவ்வளவு? மொதல்ல அதை யோசிங்க. அதோட இன்னொரு ஆறைச் சேருங்க."

"என்னையா கேக்குறீங்க?"

"அவசரமே இல்ல. விரல் விட்டு எண்ணினாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க."

ஜன்னல் பக்கம் மார்க்கர் கீச்சிட்டது. அழித்தது, மறுபடி கீச்சிட்டது.

"நாப்பத்திரண்டு," என்றது ஒரு சன்னக் குரல், ஜன்னலிடம்.

"சபாஷ்!" என்றாள் நங்காலா, பெர்ரிமனின் முகத்தைப் பார்த்து. "கெட்டிக்காரன்."

"ஐயோ, சாரு டீசல் எடத்துல!" என்று மரீட்டா கத்தினாள். வகுப்பு உடைந்து சிரித்தது. ஜன்னலோரத்து முதுகுகூடக் குலுங்கியது.

பெர்ரிமனின் காது சிவந்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஒன்பதாவது கட்டத்தில் ஒரு பெருக்கல் குறியை அழுத்திப் போட்டார். படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"கீழ கையெழுத்துப் போடுங்க. கருத்து ஏதாவது இருந்தா அந்தக் கட்டத்துல எழுதலாம்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

தபால் வழி ஆசிரியர் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ஒரு பாடம் இருந்தது: பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல். மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்ளாத முறையைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். நாயிடம் சொல்லி மருமகனுக்குக் கேட்க வைப்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது. இருபதுக்குப் பத்தொன்பது கிடைத்தது. அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்று இதே பேராசிரியர் பெர்ரிமன் ஓரத்தில் தன் கையாலேயே எழுதியிருந்தார்: வகுப்பறையிலிருந்து நேரடி உதாரணம் இல்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். கருத்துக் கட்டத்தில் ஒரு வரி எழுதினாள்.

தாங்கள் கேட்ட உதாரணம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.