வாசலுக்கு அடங்காத சூசையப்பர்

கோவிலை விற்றாயிற்று. மாலைக்குள் காலி செய்தாக வேண்டும். பெஞ்சுகள் போன இடமெல்லாம் தரை வெளிறிக் கிடக்க, தச்சன் மூன்றாம் முறையாக அளவுநாடாவை இழுக்கிறான். எப்படித் திருப்பினாலும் சூசையப்பரின் மரச் சுரூபம் வாசலைவிட ஒரு சாண் மிஞ்சுகிறது. குழந்தையை ஏந்திய இடது கைதான் இடிக்கிறது. கப்பலேறிப் பிழைக்க வந்த அவன் பாட்டனும் கூட்டாளிகளும் முதலில் சுரூபத்தை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் சுற்றிலும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். “இங்கேருந்து போற நெனப்பே அவங்களுக்கு இல்லடா,” என்கிறாள் அக்கா. “சுவர்ல கை வைக்கக் கூடாதுன்னு வாங்கினவர் கண்டிப்பா சொல்லிட்டாருக்கா.” அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். தச்சன் தோள்பட்டையைத் தடவி இணைப்பைத் தேடுகிறான். இணைப்பே இல்லை, ஒரே மரம். பட்டறையில், தச்சராக வாழ்ந்த இதே சூசையப்பரின் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தினமும் ரம்பத்தைத் தொடுவான். இன்று கும்பிடக் கை எழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மின்னிய ரம்பம் தோளைக் கடிக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் உள்ளே மரம் மணக்கிறது. தூள் அக்காவின் முக்காட்டில் கொட்டுகிறது. “மெதுவாடா,” என்று சொல்லி, விழப்போகும் குழந்தைக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள்.